செல்ஃப் எடுக்குது, ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகலையா? சாவியை மறுபடி திருப்புவதற்கு முன் இதைப் படியுங்கள்

காலை ஐந்தரை மணி. மயிலாடும்பாறை. தாத்தாவுக்கு இன்று க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதனை. சாப்பாட்டுத் தூக்கு, தண்ணீர் பாட்டில், மருந்துச் சீட்டுப் பை எல்லாம் ஏற்றியாச்சு. பின் சீட்டில் தாத்தாவும் அம்மாவும் உட்கார்ந்தாச்சு. நீங்கள் சாவியைத் திருப்புகிறீர்கள். உர்ர்ர் என்று செல்ஃப் நன்றாகவே எடுக்கிறது. ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி திருப்புகிறீர்கள். அதே சத்தம். மூன்றாவது முறை, நான்காவது முறை... கடைசியில் நன்றாக இருந்த பேட்டரியும் இறங்கிப் போகிறது. இப்போது உங்களுக்கு ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு.

பெரும்பாலானோர் செய்யும் தவறு இதுதான். வண்டி என்ன சொல்கிறது என்று கேட்காமல் சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பது. மெக்கானிக் வருவதற்கு முன், எந்த ஸ்பேனரும் இல்லாமல், பத்தே நிமிடத்தில் நீங்களே பார்க்கக்கூடிய விஷயங்கள் சில உண்டு. அதேபோல, ‘இதற்கு மேல் கை வைக்கக் கூடாது’ என்று நிறுத்த வேண்டிய இடங்களும் உண்டு. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதலில்: வண்டிக்குள் யார் இருக்கிறார்கள்?

பானெட்டைத் திறப்பதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பிரசவ வலி, பாம்புக்கடி, விபத்துக் காயம் இப்படி எதுவாக இருந்தாலும் காரைச் சரிசெய்து பார்க்க ஒரு நிமிடம்கூடச் செலவழிக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் இந்த ஆம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் கிடையாது. ‘இதோ ஸ்டார்ட் ஆகிடும்’ என்று காத்திருந்து, அரை மணி நேரம் கழித்து 108-ஐக் கூப்பிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

தாத்தாவுக்கு வழக்கமான பரிசோதனைதான், அவசரம் இல்லை என்றால் மேலே படியுங்கள்.

சத்தத்தைக் கேளுங்கள்

சாவியைத் திருப்பும்போது வரும் சத்தம் நான்கு வகை.

சத்தமே இல்லை, அல்லது ‘டக் டக்’ என்று மட்டும் வருகிறது: செல்ஃப் எடுக்கவே இல்லை என்று அர்த்தம். பேட்டரி, பேட்டரி டெர்மினல், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றில் கோளாறு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது இல்லை.

‘உர்ர்... உர்ர்...’ என்று இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றுகிறது: பேட்டரி பலவீனம். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது மின்னழுத்தம் அதிகமாக விழுந்தால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குத் தேவையான மின்சாரம் கிடைக்காது. இன்ஜின் சுற்றினாலும் தீப்பிடிக்காது. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, கிளாம்ப் கையால் அசைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள்.

வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது: இதுதான் நம் கதை. பேட்டரியும் செல்ஃபும் நல்லாத்தான் இருக்கின்றன.

வழக்கத்தைவிட வேகமாக, லேசாக, தடையே இல்லாததுபோல் சுற்றுகிறது: டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். இந்தச் சத்தம் வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். மேலும் சுற்றினால் உள்ளே வால்வும் பிஸ்டனும் மோதி, செலவு பல மடங்காகும்.

இன்ஜினும் அடுப்பு மாதிரிதான்

விறகடுப்பு எரிய என்ன வேண்டும்? விறகு, காற்று, நெருப்பு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அடுப்பு எரியாது. பெட்ரோல் காரும் அதேதான். எரிபொருள், காற்று, ஸ்பார்க் பிளக் தரும் தீப்பொறி மூன்றும் சரியான நேரத்தில் சேர வேண்டும். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மிக அதிகமாக அழுத்தும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும்.

ஆக, ‘செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல’ என்றால் இந்த மூன்றில் எது வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

பத்து நிமிடச் சோதனை

ஒரு கட்டுப்பாடு: ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அடுத்த தடவைக்கு முன் ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள். செல்ஃப் மோட்டார் சூடாகிக் கெட்டுப்போகும் என்பது ஒரு காரணம். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைப் பழுதாக்கும் என்பது இன்னொரு காரணம்.

1. எரிபொருள் நிஜமாகவே இருக்கிறதா?

சிரிக்காதீர்கள். மீட்டர் முள் சிக்கிக்கொண்டு கால் டேங்க் காட்டிக்கொண்டிருக்கும் வண்டிகள் நிறைய உண்டு. அதோடு, எரிபொருள் குறைவாக இருக்கும்போது ஏற்றத்திலோ இறக்கத்திலோ நிறுத்தினால், மிச்சம் இருப்பது டேங்கின் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். பம்ப்புக்கு எட்டாது. வருசநாடு, மேகமலைப் பக்கம் வண்டி ஓட்டுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டு லிட்டர் ஊற்றிப் பார்ப்பது முதல் வைத்தியம்.

சிஎன்ஜி கார் வைத்திருக்கிறீர்களா? பல மாடல்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகித்தான் பிறகு கேஸுக்கு மாறும். கேஸ் முழுக்க இருந்தாலும் பெட்ரோல் காலியாக இருந்தால் ஸ்டார்ட் ஆகாது.

2. மீட்டர் பலகையில் பூட்டு அல்லது சாவிப் படம் மின்னுகிறதா?

சாவி வடிவிலோ, காருக்குள் பூட்டு இருப்பது போலவோ ஒரு விளக்கு விடாமல் மின்னினால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள். பல கார்களில் செல்ஃப் சுற்றும், ஆனால் எரிபொருளை கம்ப்யூட்டர் அனுப்பாது. வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியைக் கொண்டு முயலுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால், பல மாடல்களில் ரிமோட்டை அந்த பட்டனிலேயே ஒட்டி வைத்து அழுத்தினால் போதும். ரிமோட்டின் பேட்டரி தீர்ந்திருந்தாலும் வேலை செய்யும்.

3. பெட்ரோல் பம்ப் சத்தம் வருகிறதா?

ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கதவை மூடிக்கொண்டு சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் கொண்டுவாருங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின் சீட்டுப் பக்கத்திலிருந்து ‘ங்ஙீங்’ என்று இரண்டு மூன்று விநாடி மெல்லிய சத்தம் வரும். அது டேங்குக்குள் இருக்கும் பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம். பின் சீட்டில் இருப்பவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

சத்தம் வந்தால் பம்ப்புக்கு மின்சாரம் போகிறது. சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் ஆகிய மூன்றில் ஒன்றில் கோளாறு.

4. ஃபியூஸைப் பாருங்கள்

ஃபியூஸ் பெட்டி பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழேயும், பானெட்டுக்குள்ளும் இருக்கும். எது எந்த ஃபியூஸ் என்று மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ படம் போட்டிருப்பார்கள். சாவியை அணைத்துவிட்டு, பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள புதியதைப் போடுங்கள். ‘சும்மா ஒரு கம்பியை வச்சு விடுங்க’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில்தான் வயர் சூடாகிக் கார் தீப்பிடிக்கும். புதிய ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதற்கு மேல் மெக்கானிக் வேலை.

5. பெட்ரோல் வாசனை அடிக்கிறதா?

பல தடவை செல்ஃப் அடித்த பிறகு பெட்ரோல் வாசனை வந்தால், இன்ஜினுக்குள் பெட்ரோல் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டது. முதலில் காருக்குக் கீழே ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகினால் எல்லோரையும் இறக்கி, தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சாவியைத் தொட வேண்டாம்.

ஒழுகல் இல்லை என்றால் ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தபடியே பத்து விநாடிக்குள் செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில், இப்படி மிதித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் அனுப்பும். உள்ளே இருக்கும் ஈரம் காயும். பிடிக்கத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுங்கள்.

6. எலி வந்து போயிருக்கிறதா?

தோப்பு ஓரத்திலும் களத்து ஓரத்திலும் நிற்கும் கார்களுக்கு இது பெரிய வில்லன். பானெட்டைத் திறந்து, கடிபட்ட வயர், எலிப் புழுக்கை, கழன்று தொங்கும் பிளக் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். கழன்றிருந்தால் சாவியை அணைத்துவிட்டுப் பொருத்தலாம். கடிபட்டிருந்தால் நீங்களே முறுக்கி ஒட்ட வேண்டாம். போட்டோ எடுத்து மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் தேவையான பொருளோடு வருவார்.

அப்படியே ஏர் ஃபில்டர் பெட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். இலவம் பஞ்சும் காய்ந்த சருகும் ஏராளமாகக் கிடைக்கும் ஊரில், எலி கூடு கட்ட அதைவிட வசதியான இடம் இல்லை. காற்று போகும் வழி அடைந்தால் இன்ஜின் எப்படி மூச்சு விடும்?

7. சூட்டில் நின்று, ஆறியபின் ஸ்டார்ட் ஆகிறதா?

ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென நின்று, செல்ஃப் மட்டும் எடுத்து, அரை மணி நேரம் ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால், கிராங்க் சென்சார் மேல் சந்தேகப்படலாம். இன்ஜின் சுற்றுகிறது என்ற தகவலைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். அந்தத் தகவல் வராவிட்டால் பெட்ரோலும் வராது, தீப்பொறியும் வராது. செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சம்கூட அசையாமல் பூஜ்யத்திலேயே இருந்தால் சந்தேகம் வலுக்கும். ‘இப்போ சரியாயிடுச்சே’ என்று விட்டுவிட்டு மலை ஏறாதீர்கள். மறுபடி நிற்கும்.

கைப்பேசியில் ஓரளவு பழக்கம் உள்ளவர்கள், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சிறிய புளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அண்மைக் காலக் கார்களில் எந்தச் சென்சாரில் கோளாறு என்ற குறியீட்டை அது உங்கள் கைப்பேசியிலேயே காட்டும். அந்தக் குறியீட்டைச் சொன்னாலே மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

டீசல் வண்டி, ஜீப் வைத்திருப்பவர்களுக்கு

ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் இருந்து சரக்கு வண்டி வரை நம் பகுதியில் டீசல்தான் அதிகம். இங்கே மூன்று விஷயங்கள். ஒன்று, குளிர்காலை நேரத்தில் மீட்டரில் சுருள் போன்ற விளக்கு அணையும் வரை காத்திருந்து பிறகு செல்ஃப் அடியுங்கள். அது உள்ளே சூடேற்றும் நேரம். இரண்டு, டேங்க் முழுக்கக் காலியாகி, பிறகு டீசல் ஊற்றியிருந்தால் குழாயில் காற்றுப் பிடித்திருக்கும். ஃபில்டர் அருகே கைப் பம்ப் இருக்கும் வண்டிகளில் அது இறுகும் வரை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். மூன்று, ‘டீசலில் தண்ணீர்’ விளக்கு எரிந்தால் ஃபில்டரின் அடியில் தேங்கிய நீரை வடிக்காமல் ஓட்டக் கூடாது.

தள்ளினால் ஸ்டார்ட் ஆகுமா?

வண்டி நின்றதும் நம் ஊரில் நான்கு பேர் ஓடிவந்து ‘சார், தள்ளுறோம் சார்’ என்பார்கள். நல்ல மனசு. ஆனால் யோசியுங்கள்: தள்ளுவது என்பது செல்ஃப் மோட்டார் செய்யும் வேலையைக் கையால் செய்வது. உங்கள் வண்டியில் செல்ஃப் ஏற்கெனவே நன்றாகச் சுற்றுகிறது. பெட்ரோலோ தீப்பொறியோ வராத இன்ஜினை ஊரே சேர்ந்து தள்ளினாலும் பிடிக்காது. பேட்டரி இறங்கிய கியர் வண்டிக்குத்தான் தள்ளுவது உதவும். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அதுவும் கிடையாது.

ஓரமாக ஒதுக்கத் தள்ளச் சொல்லலாம். அதற்கு மட்டும் அவர்களுடைய உதவியை வாங்கிக்கொள்ளுங்கள்.

மலைச்சாலையில் நின்றுவிட்டால்

மயிலாடும்பாறையிலிருந்து மல்லப்புரம் வழியாக உசிலம்பட்டிப் பக்கம் போகும் மலைச்சாலையில் வண்டி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ‘இறக்கம்தானே, நியூட்ரல்ல உருட்டிக்கிட்டே கீழ போயிடலாம்’ என்ற எண்ணம் வரும். தயவுசெய்து வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் சக்தி ஓரிரு மிதிக்குத்தான் வரும். அதன்பின் பிரேக் கல்லாக இறுகும். ஸ்டீயரிங்கும் கனக்கும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் இது உயிருக்கே ஆபத்து.

செய்ய வேண்டியது: நான்கு பக்க இண்டிகேட்டரைப் போடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள். எல்லோரையும் சாலையின் பாதுகாப்பான ஓரத்தில், வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நிற்காதபடி இறக்குங்கள். காரோடு வந்த சிவப்பு முக்கோணத்தை வளைவுக்கு முன்பே, வருகிற வண்டிக்குத் தெரியும் தூரத்தில் வையுங்கள். இது வனப்பகுதிச் சாலை. இருட்டிவிட்டால் வண்டிக்குள்ளேயே இருங்கள். கிளம்பும்போது முட்டுக் கொடுத்த கல்லை மறக்காமல் ஓரத்தில் தூக்கிப் போடுங்கள். இரவில் அடுத்து வரும் பைக்காரருக்கு அதுதான் எமன்.

தண்ணீரில் இறங்கி நின்ற வண்டி

வடகிழக்குப் பருவமழையில் மூல வைகையில் தண்ணீர் வந்து தரைப்பாலத்தில் வண்டி நின்றுவிட்டால் இதுவரை சொன்ன எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். செல்ஃபே அடிக்காதீர்கள். காற்று வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் போயிருக்கலாம். காற்றைப்போலத் தண்ணீர் அழுந்தாது. ஒரே சுற்றில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ‘இன்ஜின் பாதுகாப்பு’ என்ற கூடுதல் காப்பு எடுக்காத சாதாரண பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். ஆட்களைக் கரையேற்றுங்கள், பிறகு வண்டியை இழுத்து வர ஏற்பாடு செய்யுங்கள். வெள்ள அவசரத்துக்கு மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

யாரை அழைப்பது?

108: மருத்துவ அவசரம்.

112: காவல், தீயணைப்பு, மருத்துவம் என எல்லா அவசரத்துக்கும் ஒரே எண். உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும், அங்கே வேறு ஏதாவது நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் அதன் வழியாக இந்த அழைப்பு போகும்.

காவல் உதவி செயலி: தமிழ்நாடு காவல்துறையின் இந்தச் செயலியில் சிவப்பு அவசர பட்டனை அழுத்தினால் உங்கள் இருப்பிடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். இரவில் தனியாக நிற்கும் பெண்கள் தயங்க வேண்டாம்.

1033: தேசிய நெடுஞ்சாலைகளுக்கான உதவி எண். மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் சாலை தேசிய நெடுஞ்சாலை இல்லை. க.விலக்கில் மதுரை–தேனி சாலையைத் தொட்ட பிறகுதான் இந்த எண் உங்களுக்குப் பயன்படும்.

காப்பீட்டு நிறுவனத்தின் சாலையோர உதவி: உங்கள் பாலிசியில் இந்தக் கூடுதல் காப்பு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பலர் இதற்குப் பணம் கட்டியிருப்பதே தெரியாமல் தனியார் வண்டிக்குக் காசு கொடுத்து இழுத்து வருகிறார்கள்.

இடத்தைச் சொல்லும்போது ‘இங்க ஒரு புளியமரம் இருக்கு’ என்று சொல்லாதீர்கள். அருகில் இருக்கும் கிலோமீட்டர் கல்லில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள், அல்லது வரைபடச் செயலியில் இருந்து இருப்பிடத்தை அனுப்புங்கள்.

பெட்ரோல் மேல் சந்தேகமா? பில் மேல் சந்தேகமா?

பங்க்கில் நிரப்பிய சில கிலோமீட்டரிலேயே வண்டி நின்றால், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் போய்த் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியில் இருந்துதான். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பங்க்கில் ஃபில்டர் பேப்பர் சோதனையும், ஐந்து லிட்டர் அளவைச் சோதனையும் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. அதற்குக் கட்டணம் இல்லை. அளவில் குறை என்றால் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் தரலாம்.

மாற்றாத பொருளுக்குப் பில், சரியாகாத வேலைக்குக் கூலி என்று சர்வீஸில் ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. இணையத்திலேயே இ-ஜாக்ரிதி தளத்தில் பதியலாம். பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். இதற்காகத்தான் சொல்கிறோம், கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள், பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

இன்று மாலையே செய்ய ஐந்து வேலைகள்

1. இரண்டாவது சாவியைத் தேடி எடுத்து, அதில் வண்டி ஸ்டார்ட் ஆகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.
2. சிவப்பு முக்கோணம், டார்ச், இரண்டு மூன்று அளவுகளில் மாற்று ஃபியூஸ் ஆகியவற்றை டிக்கியில் போடுங்கள்.
3. வண்டி நன்றாக இருக்கும்போதே சாவியை ஆன் செய்து பம்ப் சத்தத்தைக் கேட்டுப் பழகுங்கள். நல்ல சத்தம் தெரிந்தால்தான் கெட்ட சத்தம் தெரியும்.
4. ஆர்சி, காப்பீடு, லைசென்ஸ் ஆகியவற்றை டிஜிலாக்கரில் ஏற்றுங்கள். சிக்னல் இல்லாத இடத்துக்காகக் காப்பீட்டு நிறுவன எண்ணைத் தாளிலும் எழுதி வையுங்கள்.
5. இந்தக் கட்டுரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மலையில் நிற்கும்போது இணையம் இருக்கும் என்று நம்ப முடியாது.

பத்து நிமிடம் பார்த்தும் பிடிபடவில்லையா? நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ‘வண்டி ஸ்டார்ட் ஆகல’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘செல்ஃப் நல்லா எடுக்குது, பம்ப் சத்தம் வரல, ஃபியூஸ் நல்லா இருக்கு’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் சரியான பொருளோடு ஒரே நடையில் வருவார். அதற்குள் தாத்தாவை கடமலைக்குண்டு பஸ்ஸிலோ பக்கத்து வீட்டு வண்டியிலோ அனுப்பிவிடலாம். காரை மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம், பரிசோதனை நேரம் காத்திருக்காது.